சத்தம் போடாத வேன்

இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினாள் மெக்கானிக்கான மனைவி. மெல்லிய எஃகுத் தகட்டை, வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. அடுத்ததிலும் நுழையவில்லை. எட்டு வால்வும் அப்படித்தான்.

வேன் ஓட்டும் புருஷன் ஷெட்டு வாசலில் டீயோடு நின்றான். விடிகாலை வெளிச்சம் எண்ணெய் வாசனையோடு கலந்து மிதந்தது. தூக்கமே இன்னும் கலையவில்லை, எல்லாம் கனவுதான் என்று ஒரு கணம் நம்பிக்கூடப் பார்த்தான்.

"சூடானா வால்வு நீளும். அதுக்கு எடம் விடணும், அந்த எடம்தான் டிக் டிக்னு கேக்கும். இல்லன்னா முழுசா மூடாது, இழுவையெல்லாம் வீணாப் போயிடும்" என்றாள், தனக்குத்தானே பாடம் ஒப்பிப்பது போல. "பதினாலு குடுத்த வண்டி இப்போ லிட்டருக்குப் பதினொண்ணு. மேட்டுல மூச்சு வாங்குது. நான் எடம் விட்ட லட்சணம்."

பத்து மணிக்கு ரேஸ் டீம்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் எஞ்சினை டியூன் செய்யும் வேலைக்காக ஆறு மாதம் நடையாய் நடந்திருந்தாள். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"வர வேணாம்னு சொல்லிடறேங்க. என் கையை எனக்கே நம்ப முடியல."

மூன்று வாரத்துக்கு முன் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அன்று வேனில் ஆபீஸ் பெண்கள், "அண்ணே, வண்டிக்குக் குளிர் ஜுரமா? பல்லு டக்டக்னு அடிக்குதே!" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். சாயங்காலமே ஸ்பேனரை எடுத்து, சத்தம் நிற்கும்வரை வால்வுத் திருகுகளை ஒவ்வொன்றாய் இறுக்கினான். மறுநாள் வேன் பஞ்சுமேல் போவது போல மிதந்தது. அந்த நிசப்தத்தில் சொக்கியே போனான். பெட்ரோல் முள் சரசரவென்று இறங்கியபோதுதான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று புரிந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அவள் விரல் எண்ணைத் தேடியது.

"நாந்தான்" என்றான்.

"என்ன நீங்கதான்?"

"இறுக்கிட்டேன். கேலி பண்ணாங்கம்மா."

"எட்டையுமா?"

"எட்டையும்."

"நல்ல மனுஷன்யா நீ! பத்து நாளா ராத்திரியெல்லாம் என் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு கெடந்தேன். பக்கத்துலதானே படுத்திருந்தே?"

அவன் டீயைப் பார்த்தான். ஆறி ஆடை கட்டியிருந்தது.

ஸ்பேனரையும் தகட்டையும் அவன் கையில் திணித்தாள். "நீ இறுக்கினதை நீயே விடு. தகடு வெளிய வர்றப்போ லேசாப் பிடிக்கணும். அவ்வளவுதான்."

எஞ்சினைக் கையால் சுழற்றிச் சுழற்றி, ஒவ்வொன்றாய்த் தளர்த்தினான். தூங்கும் குழந்தையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுவது போலத் தகடு நழுவி வந்தது. அவள் ஒவ்வொன்றையும் சரிபார்த்தாள்.

மூடியைப் பூட்டிச் சாவியைத் திருப்பினான். டிக் டிக் டிக் என்று பழைய சத்தம் திரும்பி வந்தது. பானட்டின்மேல் கிடந்த போனும் அதே நேரம் அடிக்கத் தொடங்கியது. திரையில் ரேஸ் டீம்.

அவள் எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை. எட்டு வால்வையும் கேட்டு முடிக்கும்வரை அது அடிக்கட்டும் என்று கண்ணை மூடி நின்றாள். கருத்த விரல்நுனிகள் மட்டும் வேனின் தகரத்தில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன, எஞ்சினுக்குச் சரியாக.