பதினான்காவது கேள்வி

புல் வெட்ட இத்தனை கையெழுத்து வேண்டும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், நானும் என் நாத்தனாரும் பேசாமல் துணி தைக்கப் போயிருப்போம். புல் என்னவோ யாரையும் கேட்காமல்தான் வளர்கிறது. வெட்டப் போகிறவர்களைத்தான் அரசாங்கம் ஆயிரம் கேள்வி கேட்கிறது.

முதலில் தொழிலுக்குப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் யோசித்த மூன்று பெயர்களையும் யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். நாலாவதை நாத்தனார் எரிச்சலில் உளறினாள், அது கிடைத்துவிட்டது. பிறகு வரி எண். பிறகு களைக்கொல்லி தெளிக்க லைசென்ஸ், அதற்கு ஒரு பரீட்சை. எழுதவே மாட்டேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு புத்தகத்தையே தொடாத நான், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்துப் பாஸ் செய்தேன்.

மிச்சம் இரண்டு. புல் வெட்டும் மெஷினை வீட்டு ஷெட்டில் வைத்துக்கொள்ள பக்கத்து வீட்டு உரிமையாளரின் சம்மதக் கையெழுத்து ஒன்று, இன்சூரன்ஸ் இன்னொன்று. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் இரண்டையும் ஆபீஸில் கொடுத்தால், பெரிய குடியிருப்பு ஒன்றின் புல்வெளி முழுவதும் திங்கட்கிழமை முதல் எங்கள் கையில். தவறினால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலை, சமையலறை மேஜையில் இன்சூரன்ஸ் படிவத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பதின்மூன்று கேள்விகளைக் கடகடவென்று தாண்டினேன். பதினான்காவது இப்படி இருந்தது: 'கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் இயந்திரத்தால் பிறர் உடைமைக்குச் சேதம் ஏற்பட்டதா? ஆம் எனில், பாதிக்கப்பட்டவரின் பெயர்? அவருக்குத் தெரிவிக்கப்பட்டதா?'

"இல்லைன்னு போடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார்.

என் பேனா நகரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் மெஷின் புதிதாக வந்த நாள். வேலியோரம் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கல் தெறித்துப் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. உடனே உள்ளேயிருந்து டிரைவர் அண்ணனின் குரல் கேட்டது: "எத்தனை தடவை சொல்றது, ஜன்னல மெதுவா சாத்துன்னு!" திட்டு வாங்கியது அவர் மனைவி. நான் மெஷினை அணைத்துவிட்டு, காதும் காதும் வைத்த மாதிரி உள்ளே வந்துவிட்டேன். இதை இப்போதுதான் நாத்தனாரிடம் சொன்னேன்.

"அது நீங்களா?" நாத்தனார் வாயைப் பிளந்தாள். "சரி, முதல்ல கையெழுத்த வாங்குவோம். அப்புறம் சொல்லிக்கலாம்."

"பொய்னு தெரிஞ்சா இன்சூரன்ஸே செல்லாது," என்றேன். சட்டம் பேசினேனே தவிர, என்னைக் குத்தியது அந்தத் திட்டுதான். 'ஆம்' என்று எழுதினேன். டிரைவர் அண்ணன் பெயரையும் எழுதினேன்.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அவர் வாசலில் செருப்புக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, ஜோடியா கிளம்பிட்டீங்க?" என்றார் அண்ணன். சம்மதப் படிவத்தைக் கொடுத்த கையோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அண்ணன் அக்காவைத் திட்டினது என் காதுல விழுந்துச்சு. விழுந்தும் பேசாம போயிட்டேன். தப்புதான், மன்னிச்சிருங்க."

அவர் முகம் சிவந்தது. என் மேல் கோபமா, தன் மேலேயே வெட்கமா தெரியவில்லை. "இத்தனை நாள் கழிச்சு வந்து சொன்னா? யோசிச்சுத்தான் கையெழுத்துப் போடணும்," என்று பேப்பரைத் திருப்பி நீட்டினார். மணி பதினொன்று. நாத்தனார் என் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். திங்கட்கிழமை போச்சு என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் இன்னொரு கை அந்தப் பேப்பரை வாங்கியது.

"உரிமையாளர்னுதானே போட்டிருக்கு? வீடு என் பேர்ல இருக்கு," என்றார் அக்கா. சுவரில் வைத்தே கையெழுத்துப் போட்டார். "அந்த இன்னொரு பேப்பரையும் குடும்மா." பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் இருந்த கணவர் பெயரை ஒரே கோடாக அடித்துவிட்டு, தன் பெயரை நிதானமாக எழுதினார். தெரிவிக்கப்பட்டதா என்பதற்கு அவரே 'இன்றுதான்' என்று எழுதினார்.

டிரைவர் அண்ணன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷம்," என்றார் அக்கா அவரிடம். "பூனை மாதிரி சாத்திட்டிருக்கேன்."

"அக்கா..." என்றேன்.

"ஓடும்மா, ஆபீஸ் மூடிடப் போறான்."

நாங்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் பின்னால் டமார் என்று ஒரு சத்தம். தெருவே திரும்பிப் பார்த்தது. அக்கா ஜன்னலைச் சாத்தியிருந்தார். உடனே திறந்து, இன்னொரு தடவையும் சாத்தினார்.

கண்ணாடி உடையவில்லை.