யானை தெரியட்டும் என்று

விஜயகுமாரிக்குக் கறை கண்ணில் பட்டுவிட்டால் போதும், அதைப் போக்கும்வரை கை சும்மா இருக்காது. அதைக் குணம் என்று சொல்ல முடியாது, பிழைப்பு அப்படி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வெள்ளைத் துணியில் மெஷின் எண்ணெய் ஒரு புள்ளி இருந்தாலும் வெளிநாட்டுக்காரன் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவான் என்று சூப்பர்வைசர் தினமும் பயமுறுத்துவார். அவளும் டியூப்லைட்டுக்குக் கீழே துணியை விரித்துப் பார்ப்பாள், புள்ளியைக் கண்டுபிடிப்பாள், கறை மருந்து ஒரு சொட்டு விட்டுப் பழந்துணியால் ஒற்றி எடுப்பாள். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டாள், சட்டையைத்தான் பார்ப்பாள். ஒருமுறை பெரிய மனிதர் ஒருவரிடம் அவர் வேட்டியிலிருந்த ரசக்கறையைப் பற்றி நேரிலேயே சொல்லி, வீட்டுக்கு வந்து கணவன் சுரேஷிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சுரேஷ் நூல் கம்பெனி வண்டி ஓட்டுகிறான். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆகவே பகல் முழுக்க வீட்டில் இருப்பது மாமனார் நல்லான் மட்டும்தான்.

நல்லான் பொங்கலூரில் பழைய பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்தவர். எடைக்கு வந்த குடத்தின் அடியிலும் செம்புக்குள்ளும் ஒட்டிக் கிடந்த காசுகளை எடுத்துவைக்கத் தொடங்கியவருக்கு, நாளடைவில் பாத்திரத்தைவிடக் காசின்மேல்தான் கண். கடை போனது, மனைவியும் போய்ச் சேர்ந்தார், காசுகள் மட்டும் நிலைத்தன. கும்பினி காலத்துச் செம்புக்காசு, விக்டோரியா மகாராணி தலை போட்ட வெள்ளி ரூபாய், நடுவில் ஓட்டை விழுந்த காலணா எல்லாம் அட்டை உறைக்குள் அடங்கி அவர் அறை அலமாரியில் இருந்தன. எதை எடுத்தாலும் எந்த வருடம், எந்த ஊர் அக்கசாலையில் அடித்தது என்று மூச்சுவிடாமல் சொல்வார். சொல்வதைக் கேட்க ஓர் ஆள் வேண்டுமே, அந்த வேலை விஜயகுமாரிக்கு. வெங்காயம் நறுக்கிக்கொண்டே “அப்படீங்களா மாமா” என்பாள். பாதி காதில் விழும், மீதி குக்கர் விசிலில் போய்விடும்.

அவரிடமிருந்த காசுகளுக்கெல்லாம் ராஜா 1911ஆம் வருடத்து வெள்ளி ரூபாய். அந்தக் கதையை மட்டும் அவள் முழுதாகக் கேட்டிருக்கிறாள்.

“ஜார்ஜு ராசாவோட அங்கியில யானை போட்டிருக்கான் அம்மிணி. தும்பிக்கையச் சின்னதா வுட்டுட்டான். பாக்கறதுக்குப் பன்னியாட்ட இருக்குதுன்னு சனங்க கொதிச்சுப் போனாங்க. சர்க்கார் பயந்து போயி, இருந்ததையெல்லாம் உருக்கிப்போட்டு, அடுத்த வருசம் ஒழுங்கா யானை போட்டு அடிச்சான். உருக்காம தப்பிச்சதுல ஒண்ணு நம்மூட்டுல கெடக்குது, பாத்துக்க.”

அந்தக் காசு ஓரமெல்லாம் கருநீலம், நடுவில் பழுப்பு. பார்த்தால் அடுப்பில் விழுந்து எடுத்ததுபோல இருக்கும். அந்த நிறம்தான் அதற்கு மதிப்பு, கை வைக்காத காசுக்குத்தான் அப்படி நிறம் ஏறும் என்று நல்லான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். குக்கர் விசிலில் போனது அந்தப் பகுதிதான்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. நல்லானின் அண்ணன் கந்தவேல், கடைசிக் காலத்தில் மறதி முற்றி, கட்டின மனைவியைப் பார்த்தே “நீங்க எந்தூருங்க?” என்று மரியாதையாக விசாரித்தவர். அதைப் பக்கத்திலிருந்து பார்த்த நாளிலிருந்து நல்லானுக்கு உள்ளே ஒரு நடுக்கம். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியாவிட்டால்கூட முகம் வெளுத்துப்போகும்.

“எனக்கும் அண்ணனாட்ட ஆயிருமா அம்மிணி?”

“அட போங்க மாமா. நூறு வருசத்துக் காச நாள் நட்சத்திரத்தோட சொல்றீங்க. உங்களுக்கு எங்கீங்க மறதி?”

அவர் சிரித்துக்கொள்வார். பிறகு அலமாரியைத் திறந்து இரண்டு காசை எடுத்துப் பார்த்து, வருடத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு திரும்ப வைப்பார். தன் புத்தி தன்னிடம்தான் இருக்கிறது என்பதற்கு அந்தக் காசுகள்தான் அவருக்குச் சாட்சி.

நாணயம் சேர்ப்பவர்கள் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். முதன்முறையாக நல்லானுக்கும் ஒரு மேசை கொடுத்தார்கள். மனிதர் புது மாப்பிள்ளை ஆகிவிட்டார். கண்காட்சிக்கு முதல்நாள் மத்தியானம் முடிவெட்டக் கிளம்பினார். விஜயகுமாரிக்கு வார விடுமுறை. அவர் அறையைக் கூட்டப் போனவள், மேசைமேல் எடுத்துவைத்திருந்த உறைகளில் அந்த 1911 ரூபாயைப் பார்த்தாள். யானை எங்கே என்று தேடினாள். கருப்பு அப்பியிருந்ததில் யானையும் தெரியவில்லை, பன்றியும் தெரியவில்லை. நாளைக்கு நாலு பேர் வந்து பார்க்கிற இடத்தில் மாமா இத்தனை கதை சொல்லி, காசில் ஒன்றுமே தெரியாவிட்டால் எவன் நம்புவான்? பாவமாக இருந்தது அவளுக்கு.

செக்கிங்கில் இருக்கிற எந்தப் பெண்ணின் வீட்டிலும் கறை மருந்து ஒரு குட்டி பாட்டிலில் இருக்கும். இரண்டு சொட்டு விட்டாள். அசையவில்லை. கறை அசையாவிட்டால் அவளுக்கு ரோசம் வந்துவிடும். சாமி படத்துக்கு முன்னாலிருந்த மாமனாரின் திருநீற்றுத் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். வெள்ளிக் குத்துவிளக்குக்கு அதுதானே. பழைய பல் பிரஷால் தேய்க்கத் தேய்க்கக் கருப்பு கரைந்து ஓடியது. காசு பளபளவென்று கிடந்தது, அங்கியில் அந்தக் குட்டை மூக்கு யானை அப்படியே தெரிந்தது. அவளே சிரித்துவிட்டாள், நிஜமாகவே பன்றிதான். உறைக்குள் போட்டு மற்ற உறைகளுக்கு அடியில் வைத்தாள். மேசையில் எடுத்து வைக்கும்போது அவரே பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் மண்டபத்தில் அவள் டிபன் பையோடு அவர் பக்கத்தில் நின்றிருந்தாள். உறைகளை முழுதாகப் பரப்பி வைப்பதற்குள் திருமூர்த்தி வந்துவிட்டார். காசுகளைப் பார்த்து மதிப்புச் சொல்பவர், அவர் சொன்னால் அந்த வட்டாரத்தில் மறுபேச்சு கிடையாது.

“ஐயா, போட்டோ அனுப்புனீங்களே, அந்தப் பன்னி ரூபா எங்கீங்க? அதுக்குன்னே வந்தேன்.”

நல்லான் பூரித்துப்போய், உறைக்குள் பார்க்காமலே எடுத்து நீட்டினார். அவர் கண் திருமூர்த்தியின் முகத்தின் மேல் இருந்தது. திருமூர்த்தி லென்ஸைக் கண்ணில் வைத்தார், காசைத் திருப்பினார், மறுபடி திருப்பினார்.

“ஏனுங்க, இதைத் தேச்சுட்டீங்களா?”

“தேக்கறதாவதுங்க! நாங் கை வெப்பனா?”

“பாருங்க, பூராக் கோடு கோடா உளுந்திருக்குது. போட்டோவுல இருந்த நெறமே காணோம். எழுத்து இடுக்குல திருநீறு ஒட்டியிருக்குதுங்க ஐயா.”

“மாத்திட்டாங்களா?”

“காசு அதேதானுங்க. ராசா காதுகிட்ட இருக்கற சின்ன வெட்டு போட்டோவுலயும் இருக்குது. இனி இதுக்கு வெள்ளி வெலதானுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க.”

நல்லான் காசை வாங்கிப் பார்த்தார். அவர் கை தானாக நெற்றிக்குப் போனது. அங்கே காலையில் பூசிய திருநீறு இருந்தது. விரலைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார்.

“அம்மிணி, நான் எப்ப இதைத் தேச்சேன்?”

குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. தெரிந்தவளிடம் வழி கேட்பதுபோலக் கேட்டார். ‘நான்தானுங்க மாமா’ என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. ஆனால் சுற்றிலும் ஆள் நின்றது, திருமூர்த்தி லென்ஸைப் பிடித்தபடி அவளையே பார்த்தார். இத்தனை வருடம் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாத மருமகள் என்று சொந்தபந்தத்திடமெல்லாம் வாங்கிய பெயர் குறுக்கே வந்து நின்றது.

“தெரியலீங்க மாமா” என்றாள்.

அவர் காசை உறைக்குள் போட்டார். கடைவாயில் ஒரு சிரிப்போடு, “அப்ப நான்தானுங்க தேச்சிருப்பேன்” என்று திருமூர்த்தியிடம் சொன்னார். “எங்கண்ணனுக்கும் இப்புடித்தான் ஆரம்பிச்சுது.”

வீட்டுக்கு வந்ததும் அலமாரிச் சாவியைச் சுரேஷிடம் கொடுத்தார். ஏடிஎம் கார்டையும் கொடுத்தார். முதியோர் பென்சன் எடுக்கப் போவது நின்றது, டீக்கடைக்குப் போவதும் நின்றது. காசுக் கதை சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே, “சரியாத்தான் சொல்றனா?” என்று கேட்டு நிறுத்திக்கொள்வார். சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதை அவர் நம்பத் தயாராக இல்லை. வயதானால் வருகிற சாதாரண மறதிதான் என்று டாக்டர் சொன்னதை, நோயாளியிடம் யார்தான் உண்மையைச் சொல்வார்கள் என்று தள்ளிவிட்டார்.

விஜயகுமாரி தினமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்து, நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தாள். அவருக்குத் திருநீறு எடுத்துக் கொடுக்கும்போது கை கூசியது. போதாததற்கு நாத்தனார் கலைமகள் உடுமலைப்பேட்டையிலிருந்து போன் செய்து அழுதாள்: “நீ இருக்கப் போயித்தான் அப்பன் இந்தளவுக்காச்சும் இருக்குது விஜி. உன்ற கால்ல உளுந்து கும்புடோணும்.” செருப்பால் அடித்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

ஒருநாள் சுரேஷ் ஒரு புதுப் பூட்டோடு வந்தான்.

“பெரியப்பனாட்டவே எங்கயாச்சும் எந்திரிச்சுப் போயிட்டா என்ன பண்றது? நீ வேலைக்குப் போறப்பக் கேட்டை வெளிய பூட்டிட்டுப் போயிரு.”

மறுநாள் காலை அவள்தான் பூட்டினாள். கம்பிக்கு அந்தப்பக்கம் நல்லான் நின்றுகொண்டிருந்தார். “நல்லா இழுத்துப் பாத்துக்க அம்மிணி. அதுதான் எல்லாத்துக்கும் நல்லது” என்றார்.

கம்பெனியில் அன்றைக்கு அவள் பார்த்து அனுப்பிய துணியில் எண்ணெய்க் கறை அப்பட்டமாகத் தெரிந்தது. சூப்பர்வைசர் கத்தினார். அவள் பர்மிஷன் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். பூட்டைத் திறந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் அறைக்குள் போனாள்.

“மாமா, அந்தக் காசத் தேச்சது நானுங்க.”

நல்லான் நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார்.

“சுரேசு சொல்லச் சொன்னானா?”

“இல்லீங்க. சத்தியமா நான்தானுங்க. யானை தெரியட்டும்னு தேச்சேன். உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க மாமா. நீங்க நல்லாத்தான் இருக்கறீங்க.”

“நான் அன்னைக்கே கேட்டேனே கண்ணு. தெரியலைன்னு சொன்னயே. நீ பொய் சொல்றவளா?”

வேறு வழி தெரியாமல் சமையலறைக்கு ஓடினாள். பாட்டிலையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு வந்து, சுரேஷ் மாட்டிவைத்திருந்த சாவியால் அலமாரியைத் திறந்து, ஊரில் எல்லார் வீட்டிலும் கிடக்கிற சாதாரண ஜார்ஜ் ரூபாய் ஒன்றை எடுத்தாள். அவர் கண்ணெதிரிலேயே மருந்தை விட்டாள், திருநீற்றைப் போட்டாள், அழுதுகொண்டே தேய்த்தாள். கருப்பு கரைந்து காசு பளபளத்தது. கையில் வைத்து நீட்டினாள்.

“இப்புடித்தானுங்க தேச்சேன். இப்பவாச்சும் நம்புங்க.”

நல்லான் காசை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரே பக்கமாக விழுந்திருந்த கோடுகளை விரலால் தடவினார். அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. நம்பிவிட்டார் என்றுதான் விஜயகுமாரி நினைத்தாள்.

“அதே மாதிரிதான் இருக்குது” என்றார். “இப்பத்தான் எனக்குப் புரியுது அம்மிணி. நான் தேச்சுட்டு இருக்கறப்ப நீ பாத்திருக்கற. பாக்காம இத்தனை சுத்தமா எப்புடித் தெரியும்? நாலு பேருக்கு முன்னால என்னையக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான் அன்னைக்குத் தெரியலைன்னு சொல்லியிருக்கற.”

“ஐயோ, இல்லீங்க மாமா...”

“அழுவாத. பெத்த புள்ளைககூட இப்புடிப் பண்ணமாட்டாங்க.” அவள் தலையில் கை வைத்தார். “ஒண்ணு பண்ணு கண்ணு. வெளிய யாராச்சும் கேட்டா நீ தேச்சேன்னே சொல்லீரு. எனக்கும் கொஞ்சம் மானம் மிஞ்சும். எனக்காக அந்தப் பழிய ஏத்துக்குவயா?”

“சரீங்க மாமா” என்றாள் விஜயகுமாரி.