சத்தமாச் சொல்லும்மா

ஈஸ்டருக்கு என் மகள் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிறாள். அவள் பக்கத்தில் நின்று நானும் நன்மை வாங்க வேண்டும். அதற்கு முன்னால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

என் பாவம் சின்னதில்லை. எங்கள் தெருவில் போன் இருப்பது எங்கள் வீட்டில் மட்டும்தான். என் கொழுந்தன் பெண்டாட்டி செங்கோல்மேரியின் மகன் சிங்கப்பூரிலிருந்து ஞாயிறுதோறும் அதில்தான் கூப்பிடுவான். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தின் தொடக்கத்தில், குழாயடிச் சண்டையில், "அகங்காரம் புடிச்சவ" என்று நாலு பேர் முன்னால் என்னைச் சொல்லிவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! அந்த ஞாயிறு பையன் கூப்பிட்டபோது, "உங்கம்மா ஊர்ல இல்லப்பா" என்று படக்கென்று வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் அதே கதை. மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் போனே செத்துப்போனது. அணில் கடித்திருக்கும் என்றார் என் வீட்டுக்காரர். லைன்மேன் வந்தபாடில்லை.

மகனிடமிருந்து சேதியில்லாமல் செங்கோல்மேரி முகம் கறுத்துத் திரிந்தாள். பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் நான் போய் முதலில் பேசுவதா? நல்ல கதை!

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளி, பாவசங்கீர்த்தனம் கேட்கச் செந்துறைப் பக்கமிருந்து இரண்டு சாமியார்கள் வந்திருந்தார்கள். ஒருவர் சின்ன வயது. இன்னொருவர் பெரிய சாமியார், காது மந்தம். ஊரே சின்னவர் வரிசையில் நின்றது. நானும் நின்று ஒத்திகை பார்த்தேன்: பொய், கோபம், பூசைக்குப் பிந்தி வந்தது, நடுவில் அந்தப் போன் விஷயம், வேகமாக, மெதுவான குரலில்.

எங்கள் ஊர்ப் பங்குச் சாமியார் விடுவாரா? "இங்க காலியாக் கெடக்குல்ல, இப்புடி வாங்க" என்று என்னையும் எனக்குப் பின்னால் நின்றவளையும் பெரிய சாமியார் பக்கம் தள்ளிவிட்டார். திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்றது செங்கோல்மேரி.

முழந்தாளிட்டேன். "போன்ல ஒரு பொய் சொல்லிட்டேன் சாமி" என்று முணுமுணுத்தேன்.

"என்னது? சத்தமாச் சொல்லும்மா!"

இரண்டாவது தடவையும் அதே கேள்வி. மூன்றாவது தடவை எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். மகளுக்குப் புதுநன்மைக்குத் தைத்த வெள்ளைக் கவுன் கண்ணுக்குள் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்: "கொழுந்தன் பொண்டாட்டிக்கு அவ மவன் போன் பண்ணுனான். அவ ஊர்ல இல்லன்னு பொய் சொல்லி வெச்சிட்டேன் சாமி! ரெண்டு ஞாயிறு!"

சின்னவர் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"அடடா, பெத்தவ மனசு என்ன பாடுபட்டிருக்கும்! போயி அவகிட்ட உண்மையச் சொல்லும்மா" என்றார் சாமியார், அதே சத்தத்தில். சொல்வதற்கு இனி என்ன மிச்சம்? தலை நிமிராமல் எழுந்து வந்து தூணோரம் உட்கார்ந்தேன்.

செங்கோல்மேரி போய் முழந்தாளிட்டாள். சாமியார் சத்தமாகச் சொல்லச் சொல்லவே இல்லை. அவளாகவே தொண்டை கிழியக் கத்தினாள்:

"அப்ப எம் மவன் ரெண்டு ஞாயிறா பேசல சாமி! எங்கக்கா மட்டும் அந்தப் போன்ல சிரிச்சிச் சிரிச்சிப் பேசுறாங்களேன்னு வயிறு எரிஞ்சி, கருக்கருவாளால வயர அறுத்துட்டேன்!"

அடிப்பாவி! அணிலை அல்லவா திட்டிக்கொண்டிருந்தோம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். சின்னவர் வரிசையே குலுங்கியது.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் வயரைச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினார். ஞாயிறு, குருத்தோலையும் கையுமாக நானும் செங்கோல்மேரியும் எங்கள் வீட்டுக்குள் நுழைய, போன் அடித்தது.

"உங்கம்மா இந்தா, எம் பக்கத்துலயே நிக்கிறாப்பா" என்று கொடுத்தேன்.

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் கேட்டது எனக்கே கேட்டது: "இத்தினி நாளா எங்க போயிருந்தம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போயி தங்கியிருந்தன்டா. பெரியம்மா சொல்லலையா?"

போனை வைத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏக்கா, இதையும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா?"

"சொல்லணும்டி. ஆனா சின்னச் சாமிகிட்ட சொல்லு" என்றேன்.