விரதத்தால் அல்ல

தட்டாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் யாரும் இந்தக் கதவைத் தட்டாதீர்கள். வலி தானாக இறங்கினால்தான் என்னால் எழுந்திருக்க முடியும். குனிந்து பார்க்க மாட்டேன். பார்த்தால் சிவப்பாக இருக்கும். பார்க்காவிட்டாலும் சிவப்பாகத்தான் இருக்கும்.

கழிப்பறைக்குள் இருந்த கினாசிக்குக் கூடத்தில் பேச்சுக் குரல் கேட்டது. ஜாவாவின் சோலோ நகரில் மணப்பெண் அலங்காரத்துக்குப் பெயர்போன தர்மினி, கினாசியின் அம்மாவுக்கு அக்கா; பெரியம்மா என்ற பொருளில் கினாசி அவளைப் பூடே என்றுதான் கூப்பிடுவாள். பூடேயோடு பேசிக்கொண்டிருந்தவள் ஒரு மணப்பெண்ணின் தாய், விதுரி அம்மா.

“என் பொண்ணு நெத்தியில உங்க கினாசி கைதான் படணும், சொல்லிட்டேன். விரதம் இருக்கறவன்னு அவ முகமே சொல்லுதே. என்னைப் பாருங்க, தண்ணி குடிச்சாலே சதை போடுது. அவ காத்தைக் குடிச்சே வாழறா போல!”

பூடே சிரித்தாள். “அவ கைராசி அப்படி.”

மணப்பெண்ணின் நெற்றியில் கறுப்புக் கோடுகள் வரைகிறவள் முன்னதாக விரதம் இருக்க வேண்டும். அப்போதுதான் பெண்ணின் முகத்தில் ஒளி இறங்கும். மூன்று வருடமாகக் கினாசி மெலிய மெலிய, அவளைத்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள். ஒட்டிய கன்னத்தைப் பக்தி என்றார்கள். ஆரம்பத்தில் அது அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

சுகாதார நிலையத்து டாக்டர் அவள் வயிற்றைத் தொடவே இல்லை. “விரதம் இருக்கறவங்களா? அப்போ அல்சர்தான்.” அடுத்தவர், ரத்தம் என்றதும் மூலம் என்றார். பூடே அவளைக் குப்புறப் படுக்கவைத்து, உடம்பில் காற்று புகுந்திருக்கிறது என்று முதுகைக் காசால் சுரண்டி அதை எடுத்தாள். கடைசியில் கினாசி யாருக்கும் சொல்லாமல் விரதத்தை விட்டாள். மூன்று வேளையும் சோறு சாப்பிட்டாள். எடை இறங்கிக்கொண்டே இருந்தது. அதையும் போய்ச் சொன்னபோது, “மனசுல ஏதாவது கவலையாம்மா? கல்யாணம் தள்ளிப்போகுதோ?” என்றார் டாக்டர். பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஒருவேளை வலி என்று ஒன்றே இல்லையோ, நானேதான் உண்டாக்கிக்கொள்கிறேனோ என்று அவளுக்குத் தோன்றியது. அதன்பிறகு ஒவ்வொரு முறை வலித்தபோதும் முதலில் தன்னைத்தான் விசாரித்தாள்.

மழைக்காலத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அவளைப் படுக்கவைத்து வலது அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். ஓரிடத்தில் விரல்கள் நின்றன. “இதை யாருமே பார்க்கலையா?” குடலில் புண் இருக்கிறது, சுருங்கியும் வருகிறது போலிருக்கிறது, குழாய் விட்டுப் பார்க்காமல் என்ன நோய் என்று சொல்ல முடியாது, அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றார். கினாசி அங்கேயே அழுதுவிட்டாள். பயத்தில் இல்லை. அந்த விரல்கள் நின்றதற்காக.

அந்தப் பரிசோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த நாள் இந்தச் சனிக்கிழமை. விதுரி அம்மாவின் மகள் கல்யாணமும் அன்றுதான். பூடேயிடம் முன்பே சொல்லியிருந்தாள். பூடேயும் தலையாட்டியிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. கினாசி சுவரைப் பிடித்து எழுந்து, முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

“சரின்னு சொல்லிட்டேன்,” என்றாள் பூடே.

“எதுக்கு?”

“சனிக்கிழமைக்கு. முறைக்காதே. என் கையைப் பாரு.” பூடே வலது கையை நீட்டினாள். விரல்கள் நடுங்கின. “இந்தக் கையால கோடு போட்டா கோடாவா இருக்கும்? புழுவாத்தான் இருக்கும். கல்யாணத்துக்கு வந்தவங்க சிரிப்பாங்க கண்ணு.”

“அன்னிக்கு எனக்கு ஆஸ்பத்திரி.”

“மூணு வருஷம் பொறுத்தே. இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க மாட்டியா? கல்யாணம் முடிஞ்சதும் ஒரு வாரம் விரதத்தை விட்டு நல்லாச் சாப்பிடு, சரியாப் போயிடும்.”

“நான் விரதத்தை விட்டு ரொம்ப நாளாச்சு பூடே.”

பூடேயின் கை அந்தரத்திலேயே நின்றது.

“அப்போ இத்தனை பொண்ணுங்க நெத்தியில...” என்று ஆரம்பித்து, வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “இது வேற யாருக்குத் தெரியும்?”

கினாசி காத்திருந்தாள். அப்படியானால் நீ ஏன் இப்படி இளைத்துப் போனாய் என்று பூடே கேட்பாள். இப்போது கேட்பாள். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், ரத்தத்தைக்கூட. கேட்டால் ஒருவேளை மனம் இளகி, கல்யாணத்துக்கே போய்விடவும் கூடும் என்று தன்னைப் பற்றியே அவளுக்குப் பயமாக இருந்தது.

“யார்கிட்டயும் மூச்சு விடாதே,” என்றாள் பூடே. மேசையிலிருந்த போனை எடுத்து அவளிடம் நீட்டினாள். “இந்தா, ஆஸ்பத்திரிக்குப் பேசி வேற நாள் கேளு. எனக்காக. இந்த ஒரு தடவை.”

அடிவயிற்றில் வலி மறுபடி மெல்லப் புரண்டது. கினாசி அதை விசாரிக்கவில்லை. நடுங்கிக்கொண்டிருந்த பூடேயின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, விரல்களைப் போனின் மேல் ஒவ்வொன்றாக மடக்கினாள்.

“முடியாது பூடே,” என்றாள்.