டச் அப்புக்குப் போனவன்

எங்கள் பெயிண்டிங் தொழிலில் டச் அப் என்று ஒன்று உண்டு. பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமரும் பெயிண்டும் அடித்து எல்லாம் முடிந்த பிறகு, கடைசி நாள் ஒரு ஆள் சின்ன பிரஷோடு வீடு பூராவும் சுற்றுவான். சுவிட்ச் ஓரத்தில் விட்டுப் போனது, ஏணி உரசினது, கதவு மூலையில் வழிந்தது எல்லாவற்றையும் ஒரு தொடு தொட்டுவிட்டு வருவான். அரை நாள் வேலை. சட்டையில் ஒரு சொட்டுப் படாது.

இந்த டச் என்கிற வார்த்தை இருக்கிறதே, அது எங்கே வேண்டுமானாலும் நுழைந்துகொள்ளும். பழைய கூட்டாளி ஒருத்தன் கடைத்தெருவில் எதிரே வந்தால், "டச்சே விட்டுப்போச்சேப்பா" என்பான். விட்டவனே அவன்தான். பக்கத்து வீட்டுப் பையன் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு வந்து, "டச் இல்ல, அதான் வரல" என்று ஜம்பமாகச் சொல்வான். என் பெண்டாட்டி டிவி முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ரொம்ப டச்சிங்கா இருக்குங்க" என்பாள். அப்புறம் இந்த டச் போன். அது எனக்கு ஜென்மப் பகை. தின்னரும் உப்புத்தாளும் பட்டுப் பட்டு என் விரல் நுனியெல்லாம் மொழுக்கென்று ஆகிவிட்டது. நான் தேய் தேய் என்று தேய்ப்பேன், அது கல்லுளிமங்கன் மாதிரி அசையாமல் கிடக்கும்.

"உன் விரலை மனுஷ விரல்னே ஒத்துக்க மாட்டேங்குதே சகலை" என்று சிரிப்பான் என் சகலை.

என் பெண்டாட்டியின் தங்கையைக் கட்டினவன். கல்யாணமான புதிதிலிருந்தே நாங்கள் சேர்ந்துதான் தொழில் செய்தோம். என் போன் லட்சணம் அப்படி என்பதால் வீட்டுக்காரர்கள் நம்பரெல்லாம் அவன் போனில்தான் இருக்கும். பேசுவதும் அவன்தான். நான் ஏணி மேலே. எந்த வீடானாலும் சீலிங் என்னுடையது, டச் அப் அவனுடையது. "நீ களைச்சுப் போயிருப்ப, வீட்டுக்குப் போய்ப் படு. டச் அப்பை நான் பாத்துக்கறேன்" என்பான். இப்படி ஒரு சகலை யாருக்கு வாய்க்கும் என்று வீட்டில் பெருமை அடித்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

இந்த வருஷம் என் வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் உயிர் போகும். பெண்டாட்டியிடம் மூச்சு விடவில்லை, சொன்னால் வேலைக்கே போகவேண்டாம் என்று உட்கார்ந்துகொள்வாள். சகலையிடம் மட்டும் சொன்னேன்.

அப்போது ஒரு பல் டாக்டரம்மா வீட்டில் வேலை எடுத்திருந்தோம். அந்த அம்மா புதிதாக மூன்று மாடியில் கிளினிக் கட்டியிருந்தார். வீட்டு வேலை பிடித்திருந்தால் கிளினிக்கும் எங்களுக்கே என்று போனில் சகலையிடம் சொல்லியிருந்தார். எத்தனை அறை, எத்தனை கதவு. மாசக்கணக்கில் ஓடும்.

"அந்த வேலை வரட்டும் சகலை" என்றான் அவன். "அதுல நான் மேலே, நீ கீழே. கதவு ஜன்னலெல்லாம் ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டே அடி. வேலை முடியறதுக்குள்ள தோள் தானா சரியாயிடும்."

என் கண் கலங்கிவிட்டது. மனதை டச் பண்ணிவிட்டான், வேறென்ன.

அந்த ஒரு நம்பிக்கையில்தான் டாக்டரம்மா வீட்டு சீலிங் முழுவதையும் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்து முடித்தேன். பெயிண்ட் வாடை ஆகாது என்று அவர்கள் குடும்பத்தோடு வேறு வீட்டில் போய்த் தங்கியிருந்தார்கள். எல்லாம் முடிந்து அவர்கள் திரும்பி வந்த அன்றைக்கு, வழக்கம் போல சகலை டச் அப்புக்குப் போனான். வழக்கம் போல நான் வீட்டில் படுத்துக் கிடந்தேன்.

மறுநாள் பார்த்தால் என் பட்டி பிளேடைக் காணோம். சமையலறைப் பரணில் வைத்த ஞாபகம். எடுத்துவரப் போனேன். டாக்டரம்மாதான் கதவைத் திறந்தார்.

"யாருங்க?"

"பெயிண்டர்மா. பிளேடு ஒண்ணை மறந்து வெச்சுட்டேன்."

"பெயிண்டர் நேத்தே வந்து டச் அப் முடிச்சுட்டுப் போயிட்டாரே."

"அவரும் நானும் சேர்ந்துதாம்மா இந்த வேலையைச் செஞ்சோம்."

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "ஓ, அவர் உதவிக்கு வெச்சிருந்த ஆளா? சொன்னார். உங்களுக்குத் தோள் முடியலையாமே, பாவம். அதான் கிளினிக்குக்கு வேற ஆளைப் போட்டுக்கறேன்னார். திங்கக்கிழமை ஆரம்பிக்கறார். நல்ல வேலைக்காரர்ங்க. சீலிங்கை எவ்வளவு சுத்தமா அடிச்சிருக்கார், பாருங்க."

நான் அண்ணாந்து பார்த்தேன். தோள் விண்ணென்று தெறித்தது.

"அது நான் அடிச்சதும்மா."

"ஆமா, நீங்களும் கூடவே இருந்திருப்பீங்க" என்று தன்மையாகச் சொல்லிவிட்டு பிளேடை எடுத்துவந்து கொடுத்தார். கெட்ட மனுஷி இல்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

திரும்பி நடக்கும்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. எந்த வீட்டில்தான் வீட்டுக்காரர்கள் வாடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்? வேலை நடக்கும்போது வெளியே போய்விடுவார்கள், கடைசி நாள்தான் வருவார்கள். அன்றைக்கு எவன் கையில் பிரஷ் இருக்கிறதோ அவன்தான் அவர்களுக்குப் பெயிண்டர். அடப்பாவி. என்னை ஓய்வெடுக்க அனுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் என்னை அழித்து அனுப்பியிருக்கிறான். நான் ஒருத்தனிடம் மட்டும் சொன்ன தோள் வலியை என்னைக் கழற்றிவிடவே எடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போனேன். சகலை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கதவுக்கு பிரைமர் அடித்துக்கொண்டிருந்தான். எனக்கென்று சொன்ன அதே வேலை. ஏணி மேலே ஒரு புது ஆள் ரோலரைத் தள்ளிக்கொண்டிருந்தான். சீலிங்கில் கோடு கோடாக விழுந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் சகலை முகம் செத்துப்போனது. பிறகு சமாளித்துக்கொண்டு, "உன் தோளை நினைச்சுத்தான் சகலை..." என்று ஆரம்பித்தான்.

"என் தோளைப் பத்தி அந்தம்மாகிட்ட எதுக்குச் சொன்ன?"

"நீ ஏன் வரலேன்னு யாராவது கேட்டா என்னத்த சொல்ல?"

"யாரு கேட்டா? அந்தம்மாவுக்கு நான் உன் எடுபிடியாம். சீலிங்கும் நீ அடிச்சதாம்."

பிரஷை டப்பாவில் முக்கினான், விளிம்பில் வழித்தான், மறுபடி முக்கினான். ஓங்கி ஒன்று விடலாம் என்றால் எனக்குக் கை மேலே வராது.

அவன் ஏணிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கோவப்படாதே. உன்னை விட்டுட்டு நான் எங்க போகப்போறேன்? இவன் அடிக்கிறது நல்லாவே இல்ல, நீயே பாரு. நாளையிலேர்ந்து சீலிங்குக்கு மட்டும் நீ வந்துடேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீலிங்குக்கு மட்டும்.

"வரேன்" என்றேன். "கையே விழுந்தாலும் சரி, மூணு மாடியும் நானே அடிக்கறேன். ஆனா கடைசி நாள் டச் அப் நான்தான். சம்மதமா?"

கதவு ஓரத்தில் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் பிரஷை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"அது வந்து... டாக்டரம்மாவுக்கு என்னைத்தானே பழக்கம்" என்றான். "அத மட்டும் நானே பாத்துக்கறேன் சகலை."

வெளியே வந்துவிட்டேன். வேறு எவனாக இருந்தாலும் அன்றோடு தலைமுழுகியிருப்பேன், டச் விட்டுப்போயிருக்கும். இவனை எப்படி விடுவது? ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்குத்தான் சாப்பிட வருவான். என் பெண்டாட்டி முதலில் அவனுக்குத்தான் பரிமாறுவாள். என்னை அப்படித் தாங்குகிறவன் என்று நான்தானே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.