ஜொலீசாவின் கம்பி

ரெனிட்டாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பழைய வேலியிலிருந்து வெட்டி, நெருப்பில் காய்ச்சி, அவளே வளைத்துக் கொடுத்த கம்பி அது. தங்கை மகள் ஜொலீசா அதைக் கழுத்தில் வளையமாக மாட்டிக்கொண்டு இன்று காலை வகுப்புக்கு வந்தாள். ஊரில் பெண் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள். உட்கார்ந்த இடத்தில் மணலைத் தடவிச் சமன் செய்து, கம்பியால் தட்டித் தட்டிக் கதை சொல்வார்கள். இலைகள்தான் கதையில் வரும் ஆட்கள். ஏழு வயதுக் குழந்தையிடமிருந்து அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டு, 'பள்ளிக்கு ஆயுதம் கொண்டுவந்தாள்' என்று புகார்த் தாளில் எழுதி வைத்துவிட்டாள் டீச்சர் பிலிப்பா.

பிலிப்பா நகரத்திலிருந்து பழங்குடிகளின் இந்தச் செம்மண் ஊருக்கு வந்து மூன்று மாதம். ரெனிட்டா அதே வகுப்பில் பத்தொன்பது வருடமாக உதவி ஆசிரியை. தாள் இன்று மூன்று மணிக்குக் கல்வி அலுவலகத்துக்குப் போகும். ரெனிட்டாவின் மகன் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு காலத்தில் இப்படி ஒரு வார்த்தை ஏறியது. அது பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. போலீஸ் ஸ்டேஷன்வரை அவன் கூடவே போனது.

"அந்தத் தாளைக் கிழிச்சிடு."

"கூர்மையான பொருள்னா எழுதியே ஆகணும் ரெனிட்டா. விதி அப்படி."

"அது கதை சொல்ற கம்பி. நூறு தடவ சொல்லிட்டேன்."

"எனக்கும் உங்க கலாச்சாரம்னா உயிருங்க. அதுக்காகத்தானே வகுப்புல இந்த மூலையையே வெச்சிருக்கேன்."

மூலையைப் பார்க்க ரெனிட்டாவுக்கு எரிச்சல்தான் வந்தது. மணல் போல அச்சடித்த பிளாஸ்டிக் விரிப்பு. வாசலைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரமும் மணல். இவர்களுக்கு அதைப் பிளாஸ்டிக்கில் வாங்க வேண்டியிருந்தது. விரிப்பின்மேல் நகரத்தில் வெட்டிய அட்டைக் கங்காருகள், வண்ணம், காது குடையும் பஞ்சுக் குச்சிகள். பத்து மணிக்குக் கல்வித் துறையிலிருந்து வந்த இருவர், பிள்ளைகள் அந்தக் குச்சியால் கங்காருகள்மேல் வண்ணப் புள்ளி வைப்பதைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

"மிஸ், என் கங்காருவுக்கு அம்மை போட்டிருக்கு. படுக்க வெச்சிட்டு நான் வெளிய போகட்டுமா?" என்றான் ஒருவன்.

ஜொலீசா மட்டும் குச்சியைத் தொடவில்லை. வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் ரெனிட்டாவால் பொறுக்க முடியவில்லை. காலண்டருக்குப் பின்னால் தொங்கிய சாவியை எடுத்து மேசை இழுப்பறையைத் திறந்தாள்.

"என்ன பண்றீங்க?" பிலிப்பா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எழுதிக்கோ. என் பேரையும் சேர்த்து எழுதிக்கோ."

கம்பி கைக்கு வந்ததும் ஜொலீசா வெளியே ஓடி மரத்தடி மணலில் உட்கார்ந்தாள். தட்டல் சத்தம் கேட்டதுதான் தாமதம், பிள்ளைகள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கங்காருகள் அரைகுறை அம்மையோடு கிடந்தன. விருந்தாளிகளும் பின்னாலேயே வந்தார்கள்.

"இதுவும் எங்க திட்டத்துல ஒரு பகுதிதான்," என்றாள் பிலிப்பா, கூசாமல்.

வந்தவர்களில் ஒரு பெண் குனிந்து பார்த்தாள். "என்ன கதை சொல்றா?"

ஜொலீசா தன் மொழியில் சொல்லச் சொல்ல, ரெனிட்டா ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இது பள்ளிக்கூடம். இந்தச் சின்ன இலை அவ. இந்தப் பெரிய இலை டீச்சர். டீச்சர் அவ கழுத்துல இருந்த கம்பியைக் கழட்டிட்டாங்க. பெட்டிக்குள்ள பூட்டிட்டாங்க. அப்புறம் ஒரு தாள்ல, இவ கெட்டவள்னு எழுதினாங்க."

கூட வந்தவர் போட்டோ எடுக்கக் கையைத் தூக்குவதற்குள் ஜொலீசா உள்ளங்கையால் மணலை அழித்துவிட்டாள். ஒரு காட்சி முடிந்தால் அழித்துவிட்டுத்தான் அடுத்தது.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

ஜொலீசா பெரிய இலையை எடுத்து பிலிப்பாவிடம் நீட்டினாள். பிலிப்பா முகம் சிவக்க வாங்கிக்கொண்டாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"அப்புறம் என்னன்னு டீச்சர்தான் சொல்லணும்," என்றாள் ரெனிட்டா. "மூணு மணிக்கு முன்னாடி."