டிரம்மில் ஊறிய குகை

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் காற்று அடிக்கும், உள்ளே தள்ளி உட்காருங்கள். இன்றைக்கு ஓர் அண்ணன் தம்பி கதை சொல்லப்போகிறேன். கொஞ்சம் மனசு கனக்கும். பரவாயில்லை, நான் கூடவே இருக்கிறேன்.

அண்ணன் தையல்காரர். தம்பி லாரி ஓட்டுகிறவன். அவர்களுடைய அம்மா, தான் இருந்த அண்ணன் வீட்டின் பின்புறம் ஒரு சின்னக் குளம் வெட்டி, சிவப்பும் வெள்ளையுமாக மீன் வளர்த்தாள். மதில் மேல் வந்து குந்தும் பூனைதான் அவளுக்குப் பெரிய கவலை. "மீனுங்க ஓடி ஒளிய ஒரு குகை செஞ்சு குடுடா" என்று சின்னவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இந்த ட்ரிப் முடியட்டும்மா" என்பான். லாரிக்காரனுக்கு ட்ரிப் என்றைக்கு முடிந்திருக்கிறது?

அவன் வெளியூரில் இருந்தபோது அம்மா கண்ணை மூடிவிட்டாள். வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

"எனக்காக ஒரு ராத்திரி பொறுத்திருக்கக் கூடாதா?" என்றான்.

"உசுரோட இருந்தப்ப அவ உனக்காகப் பொறுத்தது போதாதா?" என்றார் அண்ணன்.

அத்தோடு பேச்சு அறுந்தது.

மழைக்காலம் ஒன்று வந்து போனது. சின்னவன் தன் வீட்டு வாசலில் சிமெண்டும் மணலும் குழைத்தான். ஓட்டை வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் பூசி, ஒரு பக்கம் வாசல் விட்டு, அம்மா கேட்ட குகையைச் செய்தான். மீன் உடம்பில் கீறல் விழக்கூடாதே என்று ஓரமெல்லாம் விரலால் தடவித் தடவி மழுக்கினான். இறுகியதும் அண்ணன் வீட்டு வாசலில் இறக்கிவைத்து, அண்ணியிடம் "அம்மா கேட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு லாரி ஏறிப் போய்விட்டான்.

திரும்பி வந்ததும் ஆசையாய்ப் பார்க்கப் போனான். வீட்டில் யாரும் இல்லை. குளத்தில் குகையும் இல்லை. குளியலறைக்குப் பின்னால், ஒரு பழைய நீல டிரம்முக்குள் முங்கிக் கிடந்தது. தண்ணீர் மேல் வெள்ளையாக ஏடு படிந்திருந்தது. அம்மா கேட்டதை அண்ணன் குப்பை மாதிரிப் போட்டுவிட்டாரே! இரண்டு கையாலும் வாரித் தூக்கிக் கொண்டுபோய்த் தானே குளத்தில் இறக்கினான். ஒரு மீன் குகை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தது. "குடுத்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மறுநாள் காலையில் அண்ணி போன் செய்தாள். "நேத்து குளத்துல எதையாவது போட்டியா? ஓடி வா."

அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்றார். குகையை வெளியே தூக்கிப் போட்டிருந்தார். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. சில பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன.

"என்னண்ணா ஆச்சு?" என்றான் சின்னவன். வாய் தானாகப் பேசிவிட்டது.

"புது சிமெண்டுடா. சுண்ணாம்பு கக்கும், மீனுக்கு ஆகாது. அதான் ஊறப்போட்டு தினம் தண்ணி மாத்துறேன். வாரக்கணக்குல ஆகும்னு மீன் கடைக்காரர் சொன்னார். குகை புதுத் தண்ணியில ஒரு நாள் முழுக்கக் கிடந்தும், அந்தத் தண்ணியில முக்குற சோதனைத் தாள் நிறம் ஏறாம இருந்தாத்தான் குளத்துல இறக்கணுமாம்."

"ஒரு போன் பண்ணி சொல்லியிருக்கலாமே!"

"நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"ரெண்டு பேரும் நல்லா விறைச்சுக்கிட்டு நின்னீங்க. இப்ப மீனும் விறைச்சுக்கிட்டுக் கெடக்குது" என்றாள் அண்ணி. "வாளியப் புடிங்க."

முந்தின நாள் பிடித்துவைத்த தண்ணீர் தொட்டியில் இருந்தது. குளத்திலிருந்து கொஞ்சம் இறைத்துவிட்டு, கொஞ்சம் ஊற்றினார்கள். ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது. வாளி கைமாறும்போதுதான் சின்னவன் பார்த்தான், அண்ணனுடைய விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. ஊசி பிடிக்கிற கை, கண்ணுகளா. சுண்ணாம்புத் தண்ணீரை நாள்தோறும் இறைத்த கை.

உச்சி வெயில் வருவதற்குள் பிழைத்தவை அடியில் இறங்கிவிட்டன. செத்தவற்றில் அம்மா கையிலிருந்து தின்னும் பெரிய வெள்ளையும் ஒன்று. சின்னவன் அதை மடியில் வைத்துக்கொண்டான்.

"அவ கேட்டதக் குடுக்கப் போய், அவ வளத்ததக் கொன்னுட்டேன்."

அண்ணன் வாளியைக் கீழே வைத்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார். "அன்னைக்கு நான் ஒரு ராத்திரி பொறுத்திருக்கணும்டா" என்றார்.

குகை மறுபடி டிரம்முக்குப் போனது. ஊரில் இருந்த நாளெல்லாம் சின்னவன் வந்து தண்ணீர் மாற்றினான். அண்ணனை டிரம் பக்கம் விடவில்லை. ஊரில் இல்லாதபோது எங்கிருந்தோ போன் வரும். "தாள் என்ன சொல்லுதுண்ணா?" "இன்னும் ஆகலடா. நீ பாத்து ஓட்டு."

தாள் நிறம் ஏறாமல் நின்ற அன்று, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினார்கள். ஒரு மீன்கூடக் கிட்டே வரவில்லை. பயம் இருக்காதா? அண்ணனும் தம்பியும் குளத்தோரம் குந்திக் காத்திருந்தார்கள். சாப்பிடக் கூப்பிட்ட அண்ணியும் கடைசியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

உங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு போனவர்கள் தாமதமாகவேனும் திரும்பி வரட்டும். வரும்போது விசாரிக்க ஒரு வாய் இருக்கட்டும். குடிக்கிற தண்ணீரும் குடியிருக்கிற மனசும் தெளிந்திருக்க, நன்றாக இருங்கள், கண்ணுகளா.